பந்து முன்னால் போனால்: விசிலுக்கு முன் நான்கு கேள்விகள்

ரக்பி யூனியனில் பந்தைக் கையால் முன்னால் தட்டக்கூடாது, முன்னால் எறியவும் கூடாது. ஆட்டம் பார்க்கப் புதிதாக வருகிறவருக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிடும். ஆனால் புது நடுவர்கள் அதிகம் தடுமாறுவதும், பெரிய நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் வசை வாங்கியதும் இதே இடத்தில்தான். பந்து முன்னால் போனதா என்பது முதல் கேள்வி மட்டுமே. அதற்குப் பின் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வேண்டுமென்றே செய்தாரா? அடுத்துப் பந்தைத் தொட்டது யார், அவர் எங்கே நின்றார்? இதனால் எதிரணிக்கு ஏதாவது கிடைத்ததா, கிடைக்க இருந்தது பறிபோனதா?

விடைகளைப் பொறுத்து ஆட்டம் நிற்காமலே தொடரலாம், ஸ்க்ரம் ஆகலாம், பெனால்டி ஆகலாம், மஞ்சள் அட்டையோடு பெனால்டி டிரைவரைக்கும் போகலாம். ஒரே மாதிரி தெரியும் ஒரு கை அசைவுக்குப் பூஜ்யத்திலிருந்து 7 புள்ளிவரை விலை இருக்கிறது. அதனால்தான் கேள்விகளை வரிசை மாறாமல் கேட்கப் பழக வேண்டும். தவறான தீர்ப்புகள் பல விதி தெரியாமல் வருபவை அல்ல. மூன்றாவது கேள்வியைக் கேட்காமலே நான்காவதற்குத் தாவுவதால் வருபவை.

உலக ரக்பி அமைப்பின் விதிநூலில் 21 விதிகள் உண்டு. இந்த இயலுக்கு மூன்று போதும்: சாதகம் பற்றிய 7, திறந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு பற்றிய 10, நாக்-ஆனும் முன்னெறிதலும் பற்றிய 11. மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் எளிதாக இருக்கும். மைதானத்தில் அவை தனித்தனியாக வராது. ஒரே நொடியில் மூன்றும் சேர்ந்துதான் வரும்.

கையிலிருந்து முன்னால் போனதா?

முன்னால் என்றால் எதிரணியின் கடைக்கோட்டை நோக்கி. நாக்-ஆனுக்குக் கையோ புயமோ பந்தில் பட்டிருக்க வேண்டும். தலையில், நெஞ்சில், தொடையில், முழங்காலுக்குக் கீழே பட்டு முன்னால் போன பந்து நாக்-ஆன் அல்ல. உயரமாக உதைத்த பந்து பிடிக்க வந்தவரின் மார்பில் மோதி முன்னால் தெறிக்கும்போது இரண்டு பக்கமும் கை தூக்கிக் கத்துவார்கள். கண்டியிலும் கொழும்பிலும் பள்ளி ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். சத்தத்துக்கு ஊதாதீர்கள். கை பட்டதை உங்கள் கண் பார்த்திருக்க வேண்டும்.

கை பட்டு முன்னால் போனாலும், தரையிலோ வேறொருவர்மீதோ படுமுன் அதே வீரர் திரும்பப் பிடித்துவிட்டால் குற்றமில்லை. மூன்று முறை தட்டித் தட்டிப் பிடித்தாலும் அப்படித்தான். எதிரி உதைத்த கணத்திலேயே பாய்ந்து கையால் மறித்து, பந்து முன்னால் தெறித்தால் அதுவும் நாக்-ஆன் அல்ல. ஆட்டம் தொடர வேண்டும். கையிலிருந்து பின்பக்கமாக விழுந்த பந்து தரையில் பட்டு முன்னால் துள்ளினாலும் குற்றமில்லை. முட்டை வடிவப் பந்து எப்படியும் துள்ளும். கையை விட்டுப் போன திசைதான் கணக்கு.

பந்து வைத்திருப்பவரை மடக்கும்போது பந்து நழுவுவதுதான் இந்தக் கேள்வியில் கடினமான பகுதி. மடக்கியவரின் கை தற்செயலாகப் பந்தில் பட்டு, பந்து வைத்திருந்தவர் கையிலிருந்து முன்னால் போனால் அது வைத்திருந்தவரின் நாக்-ஆன். மடக்கியவர் பந்தைப் பிடுங்கியோ வேண்டுமென்றே தட்டிவிட்டோ முன்னால் போனால் அது நாக்-ஆன் அல்ல, ஆட்டம் தொடரும். இரண்டுக்கும் வித்தியாசம் மடக்குபவரின் கையில் இருக்கிறது. இடுப்பையோ மார்பையோ சுற்றிய புயம் பந்தில் உரசினால் அது மடக்கல். விரல்கள் பந்தைத் தேடிப் போய்ப் பற்றி இழுத்தால் அது பிடுங்கல். நீங்கள் பின்னால் நின்றால் இந்தக் கை தெரியாது. மோதல் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள்.

முன்னெறிதல்: தரையைப் பார்க்காதீர்கள்

பாஸ் முன்னால் போனதா என்பதைப் பந்து எங்கே வந்து சேர்ந்தது என்று பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது. எறிந்தவரின் கைகள் எந்தத் திசையில் போயின என்றுதான் பார்க்க வேண்டும்.

கணக்காகச் சொல்கிறேன். ஒருவர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். பந்தைத் தன் உடலிலிருந்து பின்பக்கமாக நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும்படி பக்கவாட்டில் எறிகிறார். பந்து ஒரு நொடி காற்றில் இருக்கிறது. ஓடும் பேருந்துக்குள் பின்பக்கம் தூக்கிப் போட்ட பொருளும் சாலையைப் பொறுத்தவரை முன்னால்தான் போகும், இங்கேயும் அதேதான். தரைக்கோட்டை வைத்துப் பார்த்தால் பந்து 5 மீட்டர் முன்னால் போயிருக்கும். எறிந்தவர் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அவர் 8 மீட்டர் போயிருப்பார். பந்து அவருக்கு 3 மீட்டர் பின்னால் இருக்கும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் எறிந்த கணத்தில் அவரை மடக்கி நிறுத்திவிட்டால், அவர் விழுந்த இடத்துக்கு 5 மீட்டர் முன்னால் பந்தைப் பிடித்தது போலத் தெரியும். மைதானமே எழுந்து கத்தும். பாஸ் அதே பாஸ்தான், சரியான பாஸ்தான்.

இதைத் தீர்மானிக்க நடுவருக்கு நல்ல இடம் பாஸின் நேர்கோடு. நீங்கள் பின்னாலிருந்து ஓடிவந்தால் தெளிவாகத் தெரியாது. தொடுகோட்டில் பந்துக்கு நேராக ஓடும் துணை நடுவருக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்: தட்டையான பாஸ் என்றால் உங்களிடம் பார்ப்பேன், கையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. நியமிக்கப்பட்ட துணை நடுவர்கள் இல்லாத ஆட்டங்களில் இரு அணிகளும் ஆளுக்கொரு தொடுகோட்டு நடுவரைத் தரும். அவர்களிடம் இதைக் கேட்காதீர்கள். கொடி தூக்குவதும், கோல் உதை தாண்டியதைச் சொல்வதும்தான் அவர்கள் வேலை.

இந்தத் தீர்ப்பு தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 2007 உலகக் கோப்பைக் காலிறுதி சாட்சி. அக்டோபர் 6, கார்டிஃப். பிரான்சும் நியூசிலாந்தும். டேமியன் திராய் கொடுத்த பாஸை வாங்கி ஃப்ரெடெரிக் மிஷாலாக் ஓட, அவரிடமிருந்து வாங்கி யானிக் ஜோசியோன் டிரை போட்டார். பிரான்ஸ் 20-18 என்று வென்றது. திராயின் பாஸ் முன்னால் போயிருந்தது. கையே முன்னால் போன பாஸ் அது, மேலே சொன்ன வேகக் கணக்கு அதைக் காப்பாற்றாது. நடுவர் வெய்ன் பார்ன்ஸுக்கு அப்போது வயது 28. ஆட்டம் திசைமாறிச் சிதறிய வேகத்தில் அவர் அந்த நேர்கோட்டில் இல்லை. துணை நடுவர்களிடமிருந்தும் சொல் வரவில்லை. தொலைக்காட்சி நடுவரிடம் கேட்கவும் அன்றைய நெறிமுறை இடம் தரவில்லை. டிரை போட்ட செயலை மட்டுமே அவர் பார்க்கலாம். பார்ன்ஸுக்குக் கொலை மிரட்டல்வரை வந்தது. ஒரு பாஸைக் காணாமல் விட்டதற்கு இது நியாயமே இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

வேண்டுமென்றே செய்தாரா?

வேண்டுமென்றே பந்தை முன்னால் தட்டினால் தண்டனை பெனால்டி. எதிரணி பாஸ் போடும்போது குறுக்கே கை நீட்டுகிறவரிடம்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழும். ஒரு கையா இரண்டு கையா என்று பலர் எண்ணுகிறார்கள். விதி அப்படிக் கேட்கவில்லை. பிடிக்க முயன்றபோது தட்டியிருந்தால், பந்து தன் வசப்படும் என்று அவர் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடிந்தால், அது வேண்டுமென்றே செய்ததல்ல என்றுதான் விதி சொல்கிறது. ஒரு கையாலும் நன்றாகப் பிடிப்பவர்கள் உண்டு. இரண்டு கையை நீட்டியும் பிடிக்கும் எண்ணமே இல்லாதவர்களும் உண்டு.

உள்ளங்கையைப் பாருங்கள். உள்ளங்கை மேல்நோக்கி, விரல் விரிந்து, பந்து மேலே எழும்பினால் பிடிக்கப் போனார் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. உள்ளங்கை கீழ்நோக்கி, பந்து தரைக்கு அறையப்பட்டால் இடமில்லை. அவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார், முழு நீட்டில் விரல் நுனிதான் எட்டியதா, முகம் பந்தைப் பார்த்ததா எதிராளியைப் பார்த்ததா என்பதும் கணக்கில் வரும். சந்தேகம் மிஞ்சினால் அதை ஸ்க்ரமாகவே விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். மனத்துக்குள் இருந்ததை நாம் தண்டிக்க முடியாது. கையில் தெரிந்ததைத்தான் முடியும்.

பெனால்டி என்று முடிவானதும் உடனே தடுப்பாளருக்குப் பின்னால் நிமிர்ந்து பாருங்கள். அந்தப் பாஸ் போய்ச் சேர்ந்திருந்தால் திறந்த வெளியில் ஓடியிருப்பார்களா? அப்படியானால் மஞ்சள் அட்டைக்குத் தயாராகுங்கள். டிரை விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்ற நிலை இருந்ததா? அப்படியானால் கோல் கம்பங்களுக்கு இடையே போய்ப் பெனால்டி டிரை கொடுக்க வேண்டும்: 7 புள்ளி, மேல்உதை கிடையாது, குற்றம் செய்தவருக்கு அட்டை கட்டாயம். நிச்சயம் விழுந்திருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. விழுந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். இதில் பல நடுவர்கள் தேவைக்கு மேல் தயங்குகிறார்கள்.

அடுத்துத் தொட்டது யார்?

இந்த இயலின் உயிர் இங்கேதான். ஒருவர் பந்தை முன்னால் தட்டிவிட்டார். அவருக்கு முன்னால் நிற்கும் அவர் அணிக்காரர் எல்லாரும் அந்தக் கணமே ஆஃப்சைடு. அவர்களில் ஒருவர் பந்தை ஆடினால் மூன்று வழிகள் திறக்கின்றன.

அவர் பந்தை ஆடியதால் எதிரணிக்குக் கிடைக்க இருந்த சாதகம் பறிபோயிருந்தால் பெனால்டி. அவரால் தவிர்க்கவே முடியாமல் பந்து அவர்மீது பட்டிருந்தால் அது தற்செயல் ஆஃப்சைடு; அதிலும் அவர் அணிக்கு லாபம் கிடைத்தால் மட்டுமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும், தண்டனை ஸ்க்ரம்தான். மூன்றாவது வழியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இடையில் எதிரணி வீரர் ஒருவர் பந்தைக் கைப்பற்றாமல் வேண்டுமென்றே தொட்டிருந்தால், ஆஃப்சைடில் இருந்தவர் அக்கணமே ஆன்சைடு ஆகிவிடுகிறார். பிறகு அவர் பந்தைப் பிடிப்பதில் குற்றமில்லை. மிஞ்சுவது முதலில் நடந்த நாக்-ஆன் மட்டும்; அதற்கு ஸ்க்ரம்.

2015 அக்டோபர் 18, ட்விக்கன்ஹாம், உலகக் கோப்பைக் காலிறுதி. மழை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, ஸ்காட்லாந்து 34-32 என்று ஆஸ்திரேலியாவுக்கு மேல் நின்றது. ஸ்காட்லாந்தின் லைன்அவுட் எறிதல் நீண்டுபோய்ப் பந்து சிதறியது. ஸ்காட்லாந்து வீரர் கையில் பட்டு முன்னால் போனது. ஆஸ்திரேலியாவின் ஸ்க்ரம்-ஹாஃப் நிக் ஃபிப்ஸ் அதற்குக் கை நீட்டினார். கையில் பட்டது, வசப்படவில்லை. முன்னால் நின்ற ஸ்காட்லாந்தின் ஜான் வெல்ஷ் பிடித்தார். நடுவர் கிரெய்க் ஜூபேர் ஆஃப்சைடு பெனால்டி கொடுத்தார். பெர்னார்ட் ஃபோலி உதைத்தார். 35-34, ஆஸ்திரேலியா அரையிறுதிக்குப் போனது.

மறுநாள் உலக ரக்பி அமைப்பு அறிக்கை விட்டது: ஃபிப்ஸ் தொட்டதால் வெல்ஷ் ஆன்சைடு ஆகிவிட்டார், கொடுத்திருக்க வேண்டியது ஆஸ்திரேலியாவுக்கு ஸ்க்ரம் என்று. தொலைக்காட்சி நடுவரிடம் கேட்க ஜூபேருக்கு நெறிமுறையில் வழி இல்லை என்பதையும் அதே அறிக்கை சொன்னது. முந்தைய உலகக் கோப்பை இறுதியாட்டத்தையே நடத்தியவர் ஜூபேர். அவருக்கு அந்த விதி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பந்து மூன்று ஜோடிக் கைகளில் ஒரே மூச்சில் பட்டுப் போனது. நடுக்கை பட்டதை அவர் எண்ணவில்லை. ஊதல் முதலும் மூன்றாவதுமான கைகளை மட்டும் பார்த்து வந்துவிட்டது. ஸ்க்ரம் கொடுத்திருந்தால் ஸ்காட்லாந்து வென்றிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஸ்க்ரமிலிருந்து ஒரு டிராப் கோல் போட்டும் ஆஸ்திரேலியா முந்தியிருக்கலாம். ஆனால் பெனால்டியின் 3 புள்ளியைத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கக்கூடாது. முடிவு ஊதல் அடித்ததும் ஜூபேர் கைகுலுக்காமல் உள்ளே ஓடியதையும் உலகம் பார்த்தது. தீர்ப்பு தவறலாம், அதன்பின் நின்று இரு தலைவர்களுக்கும் கை கொடுங்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 2017 ஜூலை 8, ஆக்லாந்தின் ஈடன் பார்க். நியூசிலாந்தும் பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸும் தொடரில் ஆளுக்கொரு வெற்றியோடு மூன்றாவது டெஸ்டில். லயன்ஸின் ஓவன் ஃபாரெல் உதைத்த பெனால்டியில் 15-15 ஆகியிருந்தது. நியூசிலாந்து மறுதொடக்க உதை உதைத்தது. கீரன் ரீட் துள்ளிப் போட்டியிட, லயன்ஸின் லியம் வில்லியம்ஸ் கையில் பட்டுப் பந்து முன்னால் போனது. அவருக்கு முன்னால் இருந்த கென் ஓவன்ஸ் கைக்குள் வந்தது. ஓவன்ஸ் பிடித்தார், தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து நெருப்பைத் தொட்டவர் போல உடனே விட்டுவிட்டார். நியூசிலாந்து வீரர் ஒருவர் அதை எடுத்து ஓடத் தொடங்கினார். நடுவர் ரோமென் புவாத் ஊதிப் பெனால்டி காட்டினார். பிறகு தொலைக்காட்சி நடுவரிடம் போனார், துணை நடுவர் ஜெரோம் கார்செஸிடம் பேசினார், மனம் மாறித் தற்செயல் ஆஃப்சைடு, நியூசிலாந்துக்கு ஸ்க்ரம் என்றார். ஆட்டமும் தொடரும் சமனில் முடிந்தன.

இது பெனால்டியா ஸ்க்ரமா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். என் தீர்ப்பை விதியோடு சேர்த்துச் சொல்கிறேன். தற்செயல் என்ற காரணத்தை ஏற்க முடியாது. தவிர்க்க முடியாமல் பந்து பட்டவருக்கான விதி அது. ஓவன்ஸ் இரண்டு கையையும் கொண்டுவந்து பிடித்தார். அனிச்சையாகப் பிடித்தார் என்பது உண்மை, ஆனாலும் பிடித்தார். அப்படியானால் அடுத்துக் கேட்க வேண்டியது, அவர் பிடித்ததால் நியூசிலாந்துக்குக் கிடைக்க இருந்தது பறிபோனதா என்பது. பந்து அடுத்த நொடியே நியூசிலாந்திடம்தான் போனது, ஓட இடமும் இருந்தது. அதைத் தடுத்தது ஓவன்ஸின் கை அல்ல, நடுவரின் விசில். ஊதாமல் இருந்திருந்தால் இந்தச் சச்சரவே எழுந்திருக்காது. ஊதிவிட்ட பிறகு, நாக்-ஆனுக்கு ஸ்க்ரம் என்ற முடிவில் வந்து நிற்க விதியில் வழி உண்டு. அதற்குப் புவாத் சொன்ன காரணம்தான் வழியல்ல.

இரண்டு ஆட்டத்திலும் விசில் முந்திக்கொண்டது. ஆகவே நான் பழகச் சொல்வது இதுதான்: ஓடும்போது விசிலை வாயில் வைக்காதீர்கள். கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து வாய்க்குப் போகும் அந்த அரை நொடியில் மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிடலாம். உதடு அசையாமல் மனத்துக்குள் நிறத்தைச் சொல்லிப் பழகுங்கள்: நீலம் தட்டியது, தங்கம் தொட்டது, நீலம் பிடித்தது. நடுவில் ஒரு நிறம் வந்தாலே கை தாழ வேண்டும்.

யாருக்கு என்ன கிடைத்தது?

சாதகம் இடத்திலும் இருக்கலாம், ஆடும் சுதந்திரத்திலும் இருக்கலாம். எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும்படி உண்மையாகக் கிடைத்திருக்க வேண்டும். வாய்ப்பு வந்தது என்பது மட்டும் போதாது. நாக்-ஆனுக்குச் சாதகக் காலம் குறுகியது. எதிரணி பந்தை எடுத்து நெருக்கடியில்லாமல் ஒரு முடிவெடுத்து ஆடிவிட்டால் தீர்ந்தது; தன் விருப்பப்படி உதைத்த உதை மோசமாகப் போனாலும் திரும்ப ஸ்க்ரமுக்கு வரக்கூடாது. நெருக்கடியில் எடுத்து, அவர்களும் கைதவறித் தட்டினால் முதல் நாக்-ஆனுக்குத் திரும்புங்கள். பெனால்டிச் சாதகம் நீளமானது. ஸ்க்ரமைவிடப் பெனால்டி பெரிது. அதை விட்டுக்கொடுக்க அதற்கு ஈடாக ஏதாவது கிடைக்க வேண்டும்.

குரல் கொடுங்கள். என்ன குற்றம், யாருக்குச் சாதகம் என்று நிறத்தோடு சொல்லி, அந்தத் திசையில் கை நீட்டுங்கள். முடிந்ததும் முடிந்தது என்று சொல்லுங்கள். சொல்லாமல் மனத்துக்குள் சாதகம் நடத்தும் நடுவரை வீரர்கள் நம்பமாட்டார்கள். நாக்-ஆனில் பந்து தொடுகோட்டைத் தாண்டிப் போனால், தவறு செய்யாத அணி லைன்அவுட் எடுத்துக்கொள்ளலாம். அவர்களைக் கேட்காமல் ஸ்க்ரமுக்குக் கை காட்டிவிடாதீர்கள்.

80-வது நிமிடத்துக்குப் பிறகு இந்த வேறுபாடு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நேரம் முடிந்தபின் நாக்-ஆன் நடந்து, சாதகமும் இல்லையென்றால் பந்து செத்தது, ஆட்டம் முடிந்தது. அதே இடத்தில் பெனால்டி என்றால் ஆட்டம் தொடரும். ஆகவே கடைசி நிமிடங்களில் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லுங்கள். கடிகாரத்துக்காகத் தீர்ப்பை மாற்றாதீர்கள்.

திரையில் பார்க்கும்போது

தொலைக்காட்சி நடுவர் இருக்கும் ஆட்டங்களில் ஐந்தாவதாக ஒரு கேள்வி சேர்கிறது: எவ்வளவு தூரம் பின்னால் போய்ப் பார்க்கலாம்? 2023 அக்டோபர் 28, பாரிஸ், உலகக் கோப்பை இறுதியாட்டம். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் டிரை போட்டார். தொலைக்காட்சி நடுவர் டாம் ஃபோலி, அதற்கு முந்தைய லைன்அவுட்டில் ஆர்டி சவேயா கையில் பட்டுப் பந்து முன்னால் போனதைக் காட்ட, டிரை ரத்தானது. நாக்-ஆன் உண்மையிலேயே நடந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைய நெறிமுறை அத்தகைய தவறுக்கு இரண்டு கட்டங்கள்வரைதான் பின்னால் போக அனுமதித்தது. லைன்அவுட் அதற்கும் முன்னால் இருந்தது. தென்னாப்பிரிக்கா 12-11 என்று கோப்பையை வென்றது.

அன்றைய நடுவர் அதே வெய்ன் பார்ன்ஸ். 2007-இல் தவறைப் பார்க்க வழி இல்லாமல் டிரை நின்றது. 2023-இல் உண்மையான தவறை, எட்டக்கூடாத தூரம் எட்டிப் பிடித்ததால் டிரை போனது. இரண்டு முறையும் நட்டப்பட்டது நியூசிலாந்து. நடந்தது என்ன என்பதும், அதைப் பார்க்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவதை மறந்தால் சரியான உண்மைகூட முறையற்ற தீர்ப்பாகிவிடும். இந்த எல்லைகளை உலக ரக்பி அமைப்பு அவ்வப்போது மாற்றுகிறது. உங்கள் போட்டிக்கு எந்த நெறிமுறை என்று ஆட்டத்துக்கு முந்தைய நாள் படித்துவிடுங்கள். அந்த இறுதியாட்டத்துக்குப் பின் வந்த வசைகளால் டாம் ஃபோலி சர்வதேச ஆட்டங்களை விட்டே விலகினார். பார்வையாளராக இந்த நூலைப் படிக்கிறவர்களிடம் வேண்டிக் கேட்கிறேன்: தீர்ப்பைத் திட்டுங்கள், விதியைக் காட்டி வாதிடுங்கள், நடுவரின் வீட்டையும் குடும்பத்தையும் தொடாதீர்கள்.

மெதுவோட்டத்தில் பார்க்கும்போது இரண்டு எச்சரிக்கை. தொட்டதா இல்லையா என்பதை மெதுவோட்டம் காட்டும். வேண்டுமென்றா என்பதை அது பொய்யாகக் காட்டும், ஏனென்றால் எல்லாக் கைகளும் அதில் யோசித்து நகர்வது போலத் தெரியும். எண்ணத்தைத் தீர்மானிக்க இயல்பு வேகத்தில் ஒருமுறை போடச் சொல்லுங்கள். பாஸ் முன்னால் போனதா என்பதைப் பாஸின் கோட்டுக்கு நேராக இல்லாத கேமராவை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்

சிவப்பு அணியின் 15 மீட்டருக்குள் நீல அணி பாஸ் போடுகிறது. சிவப்பு விங்கர் பாய்ந்து ஒரு கை நீட்டுகிறார், உள்ளங்கை கீழ்நோக்கி. பந்து முன்னால் விழுகிறது. அவருக்குப் பின்னால் நீலத்தில் இருவர், தடுக்க யாருமில்லை. இது பெனால்டி டிரை, விங்கருக்கு மஞ்சள் அட்டை.

உயரமான உதையைச் சிவப்பு ஃபுல்பேக் கைதவறி முன்னால் தட்டுகிறார். எதிர்ப்பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்த சிவப்பு ப்ராப்பின் முதுகில் பட்டுக் கீழே விழுகிறது. நீலம் எடுத்து ஓடுகிறது. ப்ராப்புக்கு ஒன்றுமில்லை, அவர் அணிக்கு லாபமும் இல்லை. கையை நீட்டி நாக்-ஆன் சாதகம் நடத்துங்கள்.

82-வது நிமிடம். அதே நாக்-ஆன், ஆனால் இம்முறை ப்ராப் திரும்பிப் பார்த்து, நீலம் வந்து எடுக்கும் முன் பந்தின்மேல் விழுகிறார். பெனால்டி. ஆட்டம் முடியவில்லை.

2015 காலிறுதியின் கடைசி நிமிடங்களும் 2017 மூன்றாவது டெஸ்டின் கடைசி நிமிடங்களும் இணையத்தில் கிடைக்கும். இரண்டையும் சத்தத்தை அணைத்துவிட்டு, இயல்பு வேகத்தில் பாருங்கள். பந்து பட்ட கைகளின் நிறத்தை வரிசையாகத் தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் தீர்ப்பையும் அதற்கான விதி எண்ணையும் எழுதுங்கள். அடுத்த இயல் ரக்கைப் பற்றியது. அதற்கு 14, 15-ஆம் விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்.